தம்பியோடு வந்த பிள்ளை

2014 செப்டெம்பர். ஆகஸ்ட் விடுமுறை கழிந்து மூன்றாம் தவணை தொடங்கி இரண்டாவது வாரம். கல்லடிக் கடற்கரைப் பக்கம் இருக்கும் ஒரு சிறிய பாடசாலையில் நான்காம் தரத்துக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். காலைக் கூட்டம் முடிந்து இடாப்புக் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி வகுப்பு வாசலில் வந்து நின்றாள். முதல் வாரம் முழுவதும் வராதவள். தோளில் புத்தகப் பை. இடுப்பில் இரண்டரை வயதுத் தம்பி. அவன் கையில் பாதி கடித்த பணிஸ்.

"என்ன புள்ள, தம்பியையும் கொண்டு வந்திருக்கிற?" என்று கேட்டேன்.

"வீட்ட ஒருத்தரும் இல்ல சேர். அம்மா கடைக்குப் போயிட்டா. அம்மம்மா லீவுக்குள்ள மோசம் போயிட்டா."

தாய் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் விடியற்காலையிலிருந்து பாத்திரம் கழுவுகிறவள். தகப்பன் கரைவலைக் கூலிக்குப் போகிறவர். இது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சொன்னேன்: "இது பள்ளிக்கூடம். புள்ள பாக்கிற இடமில்ல. தம்பிய ஆரிட்டயாவது விட்டுட்டு வா."

அவள் ஒன்றும் பேசவில்லை. தம்பியை மற்றப் பக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தாள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

அதன் பிறகு அவள் வந்த நாட்களைவிட வராத நாட்களே அதிகம். 2015 ஜனவரியில் அந்தக் குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது என்றார்கள். எந்த ஊர் என்று அயலவருக்கும் சரியாகத் தெரியவில்லை. வேறு பாடசாலையில் சேர்வதற்கான விடுகைப் பத்திரம் கேட்டும் எவரும் வரவில்லை. இடாப்பில் அவள் பெயருக்கு நேரே 'விலகல்' என்று என் கையால் எழுதினேன்.

எங்கள் தொழிலில் இது புதினமான கதையல்ல. ஒவ்வொரு ஆசிரியரின் இடாப்பிலும் இப்படி இரண்டொரு பெயர் இருக்கும். எனினும் நான் அன்று சொன்ன அந்த வசனம் என்னை விட்டுப் போகவில்லை. 'இது பள்ளிக்கூடம், புள்ள பாக்கிற இடமில்ல.' ஆசிரியர்களாகிய நாம் எத்தனை பெருமையோடு இதைச் சொல்கிறோம்! இந்த வசனம் உண்மைதானா என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி.

இந்தப் பெருமை எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். அட்டாளைச்சேனையில் ஆசிரிய பயிற்சி பெற்ற காலத்தில் நாங்கள் புரோபெல்லைப் படித்தோம். 1837இல் ஜெர்மனியில் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையத்தைத் தொடங்கி, 1840இல் அதற்குப் 'பிள்ளைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டியவர் அவர். பிள்ளையின் விளையாட்டே பிள்ளையின் கல்வி என்பது அவர் கொள்கை. பரீட்சையில் அவரைப் பற்றிய வினாவுக்கு நான் நல்ல புள்ளி பெற்றவன். ஆனால் உண்மையான பிள்ளையொன்று உண்மையான வாசலில் வந்து நின்றபோது புரோபெல் எனக்கு உதவிக்கு வரவில்லை. என்னுள் நின்று பேசியது வேறொன்று. நான் பயிற்றப்பட்ட ஆசிரியன், ஆயா அல்ல என்ற எண்ணம்.

'ஆயா' என்ற சொல்லை நாம் தாழ்வாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கற்பித்தலுக்குச் சம்பளமும் பதவி உயர்வும் ஓய்வூதியமும் இருக்கின்றன. பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்கு ஒன்றுமில்லை. அதைப் பெண்கள் வீட்டுக்குள் சும்மா செய்கிறார்கள். சும்மா கிடைப்பதை மனிதன் மதிப்பதில்லை. எனவே அந்த வேலை எங்கள் கைக்கு வந்தால் எங்கள் தரம் இறங்கிவிடும் என்று அஞ்சுகிறோம்.

இதை என் வீட்டு உதாரணத்தாலேயே சொல்லலாம். நான் காத்தான்குடியில் வசிப்பவன். கல்லடியில் தமிழ்ப் பாடசாலையொன்றில் கற்பித்தேன். என் பிள்ளைகள் முஸ்லிம் பாடசாலையில் படித்தார்கள். நம் நாட்டில் இவ்விரண்டு பாடசாலைகளுக்கும் விடுமுறைக் கலண்டர் வேறு வேறு என்பது வாசகர்களுக்குத் தெரியும். முஸ்லிம் பாடசாலைகள் நோன்பு மாதம் முழுதும் மூடியிருக்கும். அந்த மாதத்தில் எனக்குப் பாடசாலை உண்டு. என் மனைவிக்கு அலுவலகம் உண்டு. பிள்ளைகள் மூன்று பேரும் வீட்டில்.

அவர்களை யார் பார்த்தது? உம்மா பார்த்தா. அப்போது அவவுக்கு எழுபதை நெருங்கும் வயது. நோன்பையும் பிடித்துக்கொண்டு, நோன்பு பிடிக்காத சின்னவனுக்குச் சோறும் ஆக்கி, இரண்டு பெரியவர்களின் சண்டையையும் விலக்கி, அஸருக்குப் பிறகு கஞ்சிக்கும் அடுப்பு மூட்டினா. ஒரு வருடமல்ல, பல வருடம். அந்த மாதத்தில் ஆறுதலாக இருந்து ஓதுவதற்கும் இரவில் தராவீஹ் தொழுவதற்கும் அவவுடைய உடம்பில் சக்தி மிஞ்சியதா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. உம்மா இருந்ததால் 'விடுமுறையில் பிள்ளையை யார் பார்ப்பது' என்ற கேள்வியே என் வீட்டில் எழவில்லை. கேள்வி எழாததால், அது எவர் வீட்டிலும் இல்லை என்று நினைத்துவிட்டேன். வாசலில் நின்ற அந்தச் சிறுமி என்னிடம் சொன்னது வேறொன்றுமல்ல, தன் வீட்டில் அந்த உம்மா மோசம் போய்விட்டா என்பதுதான். நான்தான் விளங்கிக்கொள்ளவில்லை.

விடுமுறை என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றாக வருவதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது மாமா வீட்டுப் பயணம், நீச்சல், கணினி வகுப்பு. நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு அது டியூசன். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு, அதுவும் மூத்த பெண் பிள்ளைக்கு, விடுமுறை என்பது வேலைக்காலம். தம்பி, தங்கை, அடுப்பு, கிணறு. கடலும் வாவியும் இரு பக்கமும் சூழ்ந்த எங்கள் பகுதியில் அது அபாயகரமான வேலையும்கூட. தாய் மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்கும் வீடுகளில் நிலைமை இன்னும் கடினம். அங்கே அந்நிய நாட்டுப் பிள்ளையைப் பராமரிப்பதற்காகத் தாய் சம்பளம் பெறுகிறாள். இங்கே அவளது பிள்ளையை ஒன்பது வயது மகள் சம்பளமில்லாமல் பராமரிக்கிறாள். இவ்விரண்டுக்கும் நடுவில் பூட்டிய பாடசாலை ஒன்று இருக்கிறது. அதற்குள் நிழல் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது, சுற்றுமதிலும் இருக்கிறது.

பாடசாலைப் படலை விடுமுறையில் திறக்கக்கூடாத ஒன்றா? அப்படியும் இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதியை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம், பாடசாலை விடுமுறைக் காலம். கடல் வந்து கல்லடி, டச்பார், நாவலடிக் கரையை அழித்துவிட்டுப் போனது. திருச்செந்தூர் முருகன் கோயிலின் சாய்ந்த கோபுரம் அதற்குச் சாட்சி. அன்று மாலைக்குள் பாடசாலைப் படலைகள் திறந்துவிட்டன. யாரும் சுற்றுநிருபம் தேடவில்லை. மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். யார் பிள்ளை என்று கேளாமல் பால்மா கரைத்துக் கொடுத்தோம். நான் அப்போது இளம் ஆசிரியன். பிள்ளை பார்ப்பது என் தொழிலல்ல என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்கு முன்னும் யுத்த காலம் முழுவதும் எங்கள் மாவட்டத்துப் பாடசாலைகள் அகதி முகாம்களாகத் திறந்தன. தேர்தலுக்குத் திறக்கின்றன. உயர்தரப் பரீட்சைக்குத் திறக்கின்றன. புலமைப்பரிசில் மேலதிக வகுப்புக்குத் திறக்கின்றன. விளையாட வரும் பிள்ளைக்கு மட்டும் பூட்டு. ஆக, தடையாக இருப்பது கட்டடமுமல்ல, சட்டமுமல்ல. பேரழிவு வந்தால் பிள்ளை எல்லாருடைய பிள்ளை. பேரழிவு போனால் அவரவர் பிள்ளை அவரவருக்கு. இந்த மனக்கணக்குத்தான் தடை.

நம் மொழியும் இதில் நம்மைத் திருத்துகிறது. பள்ளி என்ற சொல்லுக்கு ஆதிப் பொருள் படுக்கும் இடம், தங்கும் இடம் என்பதுதான். பள்ளியறை, பள்ளியெழுச்சி என்ற சொற்களில் அந்தப் பொருள் இன்றும் இருக்கிறது. துறவிகள் தங்கிய இடம் பள்ளியானது. அவர்கள் அங்கே பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததால் கற்கும் இடமும் பள்ளியானது. முஸ்லிம்களாகிய நாம் தொழும் இடத்தையும் பள்ளி என்றே அழைக்கிறோம். ஆங்கிலத்தில் பாடசாலையைக் குறிக்கும் சொல்லும், ஓய்வு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததாகும். தங்குவதும் ஓய்வதும் முதலில் வந்தன, பாடம் பின்னால் வந்தது. நாம்தான் முதலில் வந்ததை வெளியே அனுப்பிவிட்டுப் பின்னால் வந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, இதுதான் பள்ளி என்கிறோம்.

கல்லடிக்கு இது புதிய சிந்தனையுமல்ல. 1929இல் சுவாமி விபுலாநந்தர் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அவர் சார்ந்த இராமகிருஷ்ண மிஷன் அங்கே பாடசாலையோடு நிற்கவில்லை. ஆதரவற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இல்லத்தையும் நடத்தியது. அடிகளார் 1947இல் மறைந்தார். அந்தப் பாடசாலைக்கு அருகிலேயே அவர் சமாதி இருக்கிறது. 'யாழ் நூல்' எழுதிய பேராசிரியர் ஒருவருக்குப் பிள்ளைகளின் சோறும் படுக்கையும் தரம் குறைந்த விடயமாகத் தெரியவில்லை.

இன்னொன்று என் வாலிபக் காலத்தில் மட்டக்களப்பில் நடந்தது. 1996இல், யுத்தத்தின் நடுவே, வண்ணத்துப்பூச்சிப் பூங்கா என்று ஒன்று தொடங்கியது. கனடாவைச் சேர்ந்த ஓவியக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவியான வண. போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதன் பின்னால் இருந்தார்கள். தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளைப் பஸ்ஸில் அழைத்து வந்து ஒன்றாக விளையாட விட்டார்கள். களிமண், வர்ணம், கதை, நாடகம், செடி வளர்ப்பு. பாடம் இல்லை. 1990ஆம் ஆண்டுக்குப் பின் எங்கள் இரு சமூகத்துப் பெரியவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிய காலம் அது. அந்தக் காலத்தில் பிள்ளைகள் ஒரே களிமண்ணில் கை வைத்தார்கள். பெரியவர்களின் கூட்டங்களும் தீர்மானங்களும் செய்யாததை ஒரு தோட்டம் செய்தது.

வெளியுலகிலும் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள் உண்டு. சுவீடனில் பாடசாலையோடு சேர்ந்தே ஓய்வு நேர நிலையங்கள் இயங்குகின்றன. வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகளுக்காக விடுமுறை நாட்களிலும் அவை திறக்கின்றன. இந்தியாவில் 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வறட்சியால் பாதிக்கப்பட்ட பகுதிகளில் கோடை விடுமுறையிலும் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. தவணை முடிந்ததற்காகப் பிள்ளையின் பசி முடிந்துவிடாது என்பதை நீதிபதிகள் சொல்ல வேண்டியிருந்தது. செல்வந்த நாடான இங்கிலாந்திலும் 2020இல், கோடை விடுமுறையில் ஏழைப் பிள்ளைகளின் உணவுக்காக மார்கஸ் ராஷ்ஃபோர்ட் என்ற காற்பந்து வீரர் குரல் எழுப்ப நேர்ந்தது. அரசு முதலில் மறுத்துப் பின்பு இணங்கியது. 2021இலிருந்து அங்கே விடுமுறையில் விளையாட்டும் உணவும் தரும் திட்டம் நாடு முழுவதற்கும் விரிந்தது. நமது நாடோ 1945இலேயே இலவசக் கல்வியைத் தந்த நாடு. அந்த இலவசம் தவணைக் கடைசி நாளன்று மணியடித்ததும் நின்றுபோகிறது.

சிறுவர் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989இல் வந்தது. இலங்கை 1991இல் அதை ஏற்றது. அதன் 18ஆம் உறுப்புரை, வேலை செய்யும் பெற்றோரின் பிள்ளைகள் பராமரிப்புச் சேவையைப் பெற உரித்துடையவர்கள் என்கிறது. 31ஆம் உறுப்புரை, பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமை என்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். முதலாவதை மட்டும் வாசித்தால் பிள்ளைகளை அடைத்து வைப்போம். இரண்டாவதை மட்டும் வாசித்தால் தெருவில் விட்டுவிட்டு அதைச் சுதந்திரம் என்போம்.

இவ்வளவையும் நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொன்னால் மேடைப் பேச்சாகிவிடும். எனவே 2015 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்கிறேன்.

'விலகல்' என்று எழுதிய அந்த வருடம் அதிபரிடம் போய், விடுமுறையில் பத்து நாட்களுக்கு இரண்டு வகுப்பறைகளின் திறப்பைக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "தம்பி, ஒரு புள்ள மரத்தில இருந்து விழுந்தா ஆர் பதில் சொல்ற?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இருக்கவில்லை. "விழுற புள்ள பள்ளிக்கு வெளியிலயும் விழும் சேர். அங்க ஓடிப்போய்த் தூக்க ஆளில்ல" என்றேன். எழுத்தில் அனுமதி வரவில்லை. வாய்ச்சொல்லில் கிடைத்தது. இதிலிருந்த ஆபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. முறையான அனுமதியும் பொறுப்பும் இல்லாமல் ஒரு ஆசிரியரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இத்தகைய காரியத்தை நடத்துவது சரியல்ல.

பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருந்த இரண்டு யுவதிகள் வர இணங்கினார்கள். ஆசிரியர்கள் சிலர் சேர்த்த பணத்தில் அவர்களுக்குச் சிறு தொகை கொடுத்தோம். சும்மா செய்யச் சொல்லவில்லை. உம்மாவிடமிருந்து நான் கற்ற பாடம் அது. தாய்மார் முறை வைத்து அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் கொண்டு வந்தார்கள். காலை எட்டரை முதல் பன்னிரண்டரை வரை. இடையில் 17ஆம் திகதி பொதுத் தேர்தல். வகுப்பறைகளை வாக்குச் சாவடிக்கு விட்டுக்கொடுத்துப் பின்பு திரும்ப எடுத்தோம்.

இருபதுக்குச் சற்றுக் கூடுதலான பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் பாடசாலை வயது வராத ஐந்தாறு பேரை அக்காமார் தூக்கி வந்தார்கள். இம்முறை யாரையும் நான் வாசலில் நிறுத்தவில்லை. சின்னவர்களுக்குத் தனியாகப் பாய் விரித்தோம். தூக்கி வந்த அக்காமார் முதல் நாள் பாயை விட்டு நகரவில்லை. இரண்டாம் நாள் கிளித்தட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். மூன்றாம் நாள் விளையாடினார்கள். கடலுக்குப் போவதை நிறுத்திய ஒரு பெரியவர் வலை பின்னுவதைக் காட்டினார். பிள்ளைகள் அவரைச் சுற்றி இருந்ததை விட அவர் பிள்ளைகளைச் சுற்றி வந்ததே அதிகம்.

நான்காம் நாள் ஒரு தாய் என்னிடம் வந்து, "சும்மா விளையாடவோ சேர் இங்க அனுப்புற? புலமைப்பரிசில் பேப்பர் செய்ய வைங்களன்" என்றா. அவவை நான் குறை சொல்லமாட்டேன். டியூசனுக்குக் கொடுக்க அவவிடம் காசில்லை. இலவசமாகக் கிடைக்கும் நேரத்தையாவது படிப்பாக்க நினைக்கிறா. ஆனால் இங்கேதான் நான் உறுதியாக நிற்க வேண்டியிருந்தது. விடுமுறைப் பள்ளி இன்னொரு டியூசன் கொட்டிலானால், பிள்ளையிடம் மிஞ்சியிருந்த கடைசி நேரத்தையும் நாம் பறித்தவர்களாவோம். பாடசாலையை விடுமுறையில் திறப்பதை எதிர்ப்போர் சொல்லும் காரணங்களில் இது ஒன்றே என்னை உண்மையில் யோசிக்க வைப்பது. பிள்ளைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கும் நேரம் வேண்டும். மேகம் பார்க்கவும் எறும்பு பார்க்கவும் சலித்துப்போகவும் நேரம் வேண்டும். அந்த நேரத்துக்குக் காவல் நிற்பதுதான் விடுமுறைப் பள்ளியின் வேலை, அதை நிரப்புவதல்ல.

அந்தப் பத்து நாட்களில் ஒரு பையன் ஒரு விளையாட்டிலும் சேரவில்லை. வந்ததும் சின்னவர்களின் பாயில் படுத்து உறங்கிவிடுவான். தகப்பன் பின்னிரவில் கடலுக்குப் புறப்படும் வீடு. ஒரே அறை. எல்லாரும் எழும்பினால் அவனும் எழும்ப வேண்டும். யுவதிகளில் ஒருத்தி அவனை எழுப்பப் போனபோது வேண்டாம் என்றேன். பத்து நாளும் உறங்கினான். அவன் கற்றது என்ன என்று யாராவது கேட்டால் என்னிடம் பதிலில்லை. ஆனால் பள்ளி என்ற சொல்லுக்கு முழுப் பொருளையும் அந்தப் பத்து நாளில் கண்டவன் அவன்தான்.

பெற்றோரின் கடமையை நாம் ஏற்றுக்கொண்டால் அவர்கள் பொறுப்பற்றவர்களாகிவிடுவார்கள் என்ற மறுப்பும் உண்டு. அந்தப் பயறு அவித்த தாய்மாரைக் கண்டவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். அவர்கள் வேலைக்குப் போவதே பிள்ளைக்காகத்தான். ஆசிரியருக்கும் ஓய்வு வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. முற்றிலும் உண்மை. நம் ஆசிரியர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடுமுறைப் பள்ளியை அவர்கள் தலையில் சுமத்தினால் ஓர் உம்மாவின் சுமையை எடுத்து இன்னோர் உம்மாவின் தலையில் வைத்ததாகவே முடியும். ஆகவே இது தனி ஏற்பாடாக, தனி ஆட்களோடு, கூலியோடு நடக்க வேண்டும். கல்லடியிலேயே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. இசையும் நடனமும் நாடகமும் ஓவியமும் கற்கும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே பாடசாலைகள் பூட்டிக் கிடக்கின்றன. இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு திறப்பும் ஒரு கையொப்பமும் போதும்.

நமது ஊர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. நோன்பு மாதத்தில் நமது பாடசாலைகள் மூடியிருக்கின்றன. பிள்ளைகள் பகலில் தெருவிலும் இரவில் பள்ளிவாசல் முற்றத்திலும் ஓடித் திரிகிறார்கள். தராவீஹ் நேரத்தில் சத்தம் போடுகிறார்கள் என்று பெரியவர்கள் விரட்டுகிறார்கள். விரட்டியவர்களில் நானும் ஒருவன். ஆனால் நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் நடந்ததாக நாம் படித்திருப்பது வேறு. தொழுகையை நீட்ட எண்ணி நின்றவர்கள், பின்னால் ஒரு குழந்தையின் அழுகை கேட்டதும், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணிச் சுருக்கமாகத் தொழுவித்தார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடி தொழுதார்கள். சுஜூதுக்குப் போகையில் இறக்கிவைத்து, எழும்புகையில் மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். இந்த ஹதீஸ்களைச் சிறு வயதில் ஓதப்பள்ளியில் கேட்டவன் நான். வணக்கத்திலேயே உயர்ந்த வணக்கத்துக்குள் ஒரு பிள்ளைக்கு இடம் இருந்தது. என் நான்காம் தரக் கணித பாடத்துக்குள் ஒரு பிள்ளைக்கு இடம் இல்லாமற் போனது.

பிள்ளைகள் அமானிதம் என்று ஜும்ஆப் பிரசங்கங்களில் கேட்கிறோம். அமானிதத்துக்குத் தவணை உண்டா? ஒருவர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் டிசம்பரிலும் காவலின்றித் தெருவில் வைத்துவிட்டு, திறக்கும் நாளில் வந்து எண்ணிப் பார்த்து, ஒன்று குறைந்தால் 'விலகல்' என்று எழுதிக்கொள்ளலாமா? ஆசிரியருக்கு ஓய்வு உண்டு. கட்டடத்துக்கு ஓய்வு எதற்கு?

2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டிலிருந்த பெற்றோர் எல்லாரும் ஒரு விடயத்தை அனுபவத்தில் கண்டுகொண்டார்கள். பாடசாலை நமக்குத் தந்தது பாடம் மட்டுமல்ல. நாம் வேலைக்குப் போய் வரும்வரை நம் பிள்ளை ஒரு கூரையின் கீழ் நாலு பேர் கண்ணில் இருக்கும் என்ற நிம்மதியையும் அதுதான் தந்தது. பாடத்தை வட்ஸ்அப்பில் அனுப்ப முடிந்தது. அந்த நிம்மதியை அனுப்ப முடியவில்லை. பள்ளிக்கூடம் புள்ள பாக்கிற இடமும்தான் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

2015இல் செய்ததை 2016இலும் செய்தோம். பின்பு எனக்கு இடமாற்றம் வந்தது. நான் போன பிறகு அது அங்கே தொடரவில்லை. ஓர் ஆளின் விருப்பத்தில் தொங்கும் காரியம் அந்த ஆளோடு போய்விடும் என்பதை அதிலும் கற்றேன். நான் இப்போது படிப்பிக்கும் பாடசாலையிலும் விடுமுறைக்கு முதல் நாள் அறைகளைப் பூட்டுகிறார்கள். புதிய அதிபரிடம் திறப்பைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.

அந்தச் சிறுமிக்கு இன்று இருபது வயது தாண்டியிருக்கும். ஏதோ ஓர் ஊரில் இருப்பாள். அவளுக்கே ஒரு பிள்ளை இருந்தாலும் இருக்கலாம். அந்தப் பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சில வேளைகளில் நினைத்துக்கொள்வேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை. இடாப்புக் கூப்பிடுகையில் வாசலில் நிழல் விழுந்தால் மட்டும், பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கப் பழகியிருக்கிறேன்.